மதுரைக்குள் கறவை மாடு, வாசலில் கறந்த பால்: யார் எதைப் பார்க்க வேண்டும்?

செல்லூர்வாசி

செல்லூர் பக்கம் தெருவில் திரிந்த மாடுகளை மாநகராட்சிக்காரர்கள் மறுபடியும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மாட்டுக்காரர்கள் அபராதம் கட்டி ஓட்டி வந்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அதே மாடு அதே பந்தல்குடிக் கால்வாய் ஓரத்தில் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் போக்குவரத்து இடைஞ்சல், விபத்து என்றே பேச்சு போகிறது. அது முக்கியம்தான். ஆனால் அந்த மாட்டின் பால் விடியற்காலையில் எங்கள் தெருவுக்குத்தான் வருகிறது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் அதுதான். மாடு என்ன தின்றது, எந்தத் தண்ணீரில் காம்பைக் கழுவினார்கள், கடைசியாக அதற்கு எப்போது ஊசி போட்டார்கள் என்று யாராவது பார்க்கிறார்களா? இதைப் பேசத்தான் இந்த இழை.

சட்டம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இல் வந்து, 2011 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2011 ஒழுங்குமுறையின்படி நாளைக்கு 500 லிட்டர் வரை பால் வாங்கி விற்பவர் பதிவுச் சான்று வாங்க வேண்டும், அதற்கு மேல் போனால் உரிமம். கறந்ததை எல்லாம் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்கு மட்டும் பதிவு வேண்டாம். நாலு மாடு வைத்து வீடு வீடாக ஊற்றுகிறவருக்கு அந்த விலக்கு கிடையாது. ஆக அவரிடம் ஒரு சான்று இருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வருகிற யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம், கால்நடைப் பராமரிப்புத் துறை மாட்டின் காதில் மஞ்சள் வில்லை மாட்டி 12 இலக்க எண் கொடுக்கிறது. கோமாரி ஊசி போட்டால் அந்த எண்ணில் பதிகிறார்கள். மூன்றாவது பக்கம் மாநகராட்சி, தெருவில் நிற்கிற மாட்டைப் பிடிக்கிறது.

என் கருத்து இதுதான். பால் விற்பவரின் பதிவுச் சான்றில் அவருடைய மாடுகளின் வில்லை எண்கள் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தட்டினால் தடுப்பூசி, நோய்ச் சோதனை, மாட்டுக் கொட்டம் எங்கே இருக்கிறது எல்லாம் தெரிய வேண்டும். மூன்று துறையும் ஒரே பதிவேட்டைப் பார்க்காதவரை, அபராதம் வாங்கி வாங்கி ஒன்றும் மாறப்போவதில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கறவைமாட்டு வீடு

சார், நான் பால்காரர் வீட்டுப் பையன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து கீரைத்துறைப் பக்கம் மாடு வைத்திருக்கிறோம். உங்கள் பதிவில் கோபம் இருக்கிறது, அது தப்பில்லை. ஆனால் மாடு ஏன் தெருவுக்கு வருகிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

முன்பு எங்கள் மாடுகள் கிருதுமால் நதிக் கரையில் மேய்ந்தன. இன்று அது சாக்கடை. கரையெல்லாம் வீடு. பசுந்தீவனத்துக்கு இடமே இல்லை. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை எல்லாம் காசு கொடுத்து வாங்குகிறோம். வைக்கோல் கட்டு விலை அறுவடை முடிந்த கொஞ்ச நாளைக்குத்தான் கட்டுப்படியாகும். காலையில் கறந்துவிட்டு அவிழ்த்து விட்டால் பாதி வயிறு வெளியில் நிறையும் என்றுதான் அவிழ்த்து விடுகிறார்கள். சரி என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படி விடுவதில்லை, பரவை மார்க்கெட்டிலிருந்து முட்டைக்கோஸ் இலை, கீரைத்தண்டு கொண்டுவந்து அலசிப் போடுகிறோம். ஆனால் எல்லாராலும் ஒரு ஆட்டோ வைத்து அதைச் செய்ய முடியாது.

பதிவுச் சான்று பற்றிச் சொன்னீர்கள். எங்களிடம் இருக்கிறது. வருடத்துக்கு 100 ரூபாய்தான், பணம் பிரச்சினையே இல்லை. வாங்கியதிலிருந்து ஒருவரும் வந்து கொட்டத்தைப் பார்த்ததில்லை, ஒரு சொட்டுப் பாலையும் எடுத்துப் போனதில்லை. பதிவு வாங்கியவனுக்கும் வாங்காதவனுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றால் அடுத்தவன் ஏன் வாங்குவான்?

ஆரப்பாளையம் அம்மா

நான் குழந்தைக்காகத்தான் பாக்கெட் பாலை விட்டுவிட்டுக் கறந்த பாலுக்கு மாறினேன். பாக்கெட்டில் பவுடர் கலக்கிறார்கள், கெமிக்கல் போடுகிறார்கள் என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். கண் முன்னால் கறந்து ஊற்றுகிறார், அதைவிட நல்ல பால் எது என்று நினைத்தேன். இப்போது இதைப் படித்தால் பயமாக இருக்கிறது. நன்றாகக் காய்ச்சித்தானே கொடுக்கிறோம், காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடாதா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

உசிலைக் கால்நடை

அம்மா, நான் உசிலம்பட்டி வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்விதான் இந்த இழையில் மிக முக்கியமானது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

காய்ச்சினால் போவது கிருமி. காசநோய்க் கிருமி, கன்று வீச்சு நோய்க் (சினை கலைந்துபோகும் புரூசெல்லா நோய்) கிருமி, வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் எல்லாம் பால் பொங்கி வந்த பிறகு அடுப்பைக் குறைத்து இரண்டு நிமிடம் கிண்டிக்கொண்டே கொதிக்கவிட்டால் செத்துவிடும். பாக்கெட் பாலைப் பதப்படுத்தும்போது 72 டிகிரியில் 15 விநாடி வைத்து உடனே குளிர வைக்கிறார்கள், அதற்கே இவை சாகும். அதனால் பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள், சுடச்சுடக் கறந்த நுரைப் பால் உடம்புக்கு நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

காய்ச்சினாலும் போகாதவை இரண்டு உண்டு.

முதலாவது மருந்து. மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறோம், காம்பு வழியாகவும் மருந்து ஏற்றுகிறோம். அது பாலில் இறங்கும். எந்த மருந்துக்கு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் மூன்று நான்கு நாள். நாங்களும் சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆனால் பத்து லிட்டர் கறக்கிற மாட்டின் பாலை நாலு நாள் கீழே ஊற்ற எத்தனை பேருக்கு மனசு வரும்? நோய் வந்த காம்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்று காம்பில் கறந்து ஊற்றுகிறார்கள். ஒரு காம்பில் ஏற்றிய மருந்தும் இரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கு வரும். இது பலருக்குத் தெரியாது.

இரண்டாவது பூஞ்சை நஞ்சு, அஃப்லாடாக்சின். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஈரம் பட்டுப் பூத்துப்போனால் அதில் இந்த நஞ்சு உண்டாகும். மாடு தின்றால் அதன் ஈரலில் கொஞ்சம் உருமாறிப் பாலில் வரும். தின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அந்தத் தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் அடங்கும். எவ்வளவு காய்ச்சினாலும் அழியாது. பதப்படுத்தினாலும் அழியாது.

இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகள் எடுத்துச் சோதித்தது. எல்லாரும் பயப்படுகிற சோப்பு, யூரியா மாதிரியான கலப்படம் வெறும் 12 மாதிரியில்தான் இருந்தது. பூஞ்சை நஞ்சு 368 மாதிரியில் வரம்பைத் தாண்டியிருந்தது. நம் மாநிலத்தில் எடுத்த 551 மாதிரியில் 88. மாநிலங்களிலேயே அதிக எண்ணிக்கை தமிழ்நாடுதான். ஆன்டிபயாடிக் 77 மாதிரியில் மிஞ்சியிருந்தது. பாக்கெட் பாலும் கறந்த பாலும் சேர்ந்த கணக்கு இது. அதனால் பாக்கெட்டுக்கு மாறினால் இந்த நஞ்சிலிருந்து தப்பலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். மாட்டுக்குப் போகிற புண்ணாக்கு மூட்டையைப் பார்க்காமல் பாலை மட்டும் பார்த்துப் பயனில்லை.

உங்கள் பால்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள் அம்மா. புண்ணாக்கு மூட்டையைத் தரையில் வைக்கிறாரா, பலகை மேல் வைக்கிறாரா? மாட்டுக்கு ஊசி போட்ட நாளில் பாலை என்ன செய்கிறார்? கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு ஊசி போட்டாரா? நல்ல பால்காரர் கோபப்பட மாட்டார், கூட்டிப் போய்க் காட்டுவார்.

அவனியாபுரத்தான்

இவ்வளவு பேச்சு எதற்கு? நகரத்துக்குள் மாடே கூடாது. எல்லாரையும் மேலூர், வாடிப்பட்டி பக்கம் அனுப்பிவிட வேண்டியதுதான். ஒரு மாடு நாளைக்கு 15 இருந்து 20 கிலோ சாணி போடும். அவ்வளவும் வாய்க்காலுக்குத்தான் போகிறது. எங்கள் தெருவில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வருவது அந்தத் தண்ணீர்தான். கொசு, ஈ, நாற்றம். குழந்தைகளுக்கு வருடம் முழுக்க காய்ச்சல்.

பழைய ஆய்வாளர்

தம்பி அவனியாபுரத்தான், உங்கள் கஷ்டம் நியாயமானது. நான் உள்ளாட்சிச் சுகாதாரப் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாட்டை ஊருக்கு வெளியே அனுப்புவது புது யோசனை இல்லை. பம்பாயில் தெருவுக்குத் தெரு இருந்த எருமைத் தொழுவங்களை அப்புறப்படுத்த 1949-இல் ஆரே பால் காலனியைத் தொடங்கினார்கள். சென்னையில் மாதவரம் பால் காலனியும் அதே நோக்கத்தில் வந்ததுதான். ஆரே நிலைத்ததற்குக் காரணம், வெறும் மனையைக் காட்டி ‘போ’ என்று சொல்லவில்லை. கொட்டம் கட்டிக் கொடுத்தார்கள், தண்ணீர் வந்தது, தீவனப் புல் வளர்த்தார்கள், மருத்துவர் இருந்தார், பாலை அங்கேயே வாங்கிப் பதப்படுத்தினார்கள். இதெல்லாம் இல்லாமல் அனுப்பினால் மாடு போகும், கொஞ்ச நாளில் திரும்பி வரும். பால்காரருக்கு வாடிக்கை ஊருக்குள்ளே இருக்கிறது, விடிகாலை அவர் இங்கே நிற்க வேண்டும்.

ஆரம்பப் பதிவில் செல்லூர்வாசி மூன்று துறை என்று சொன்னாரே, அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1939-ஆம் ஆண்டு சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே பால் தொழுவம், பால்காரர் இரண்டுக்கும் வரையறை உண்டு. பால் வழியாகத் தொற்று பரவுகிறது என்று சந்தேகம் வந்தால் சுகாதார அதிகாரி தொழுவத்துக்கே போய் விசாரிக்கலாம். பிறகு 1954-இல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. ஊருக்குள் சுகாதார ஆய்வாளராக இருப்பவரே உணவு ஆய்வாளராகவும் இருந்தார். காலையில் பால் கேனை நிறுத்தி மாதிரி எடுப்பவரும், மத்தியானம் அதே பால்காரரின் கொட்டத்துக்குப் போய்ச் சாணிக் குழியைப் பார்த்து நோட்டீஸ் கொடுப்பவரும் ஒரே ஆள். எந்தப் பால்காரரின் கொட்டம் சுத்தம், எவர் கால்வாய்த் தண்ணீரில் கேன் கழுவுகிறார் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

2011-க்குப் பிறகு உணவுப் பாதுகாப்பு தனித் துறையாகிவிட்டது. படித்த, பயிற்சி பெற்ற அதிகாரிகள் வந்தார்கள், ஆய்வுக்கூடங்கள் மேம்பட்டன. நல்லதுதான். ஆனால் பால் ஒரு துறைக்கும் கொட்டம் இன்னொரு துறைக்கும் போய்விட்டது. பாலில் கோளாறு என்று அறிக்கை வந்தால் அந்த அதிகாரி கொட்டத்துச் சாக்கடையைப் பற்றி எதுவும் செய்ய முடியாது. கொட்டத்துக்குப் போகிற மாநகராட்சிப் பணியாளர் பாலைப் பற்றிக் கேட்க முடியாது. இரண்டு பேருக்கும் மாட்டின் நோய் தெரியாது. பதிவேட்டை ஒன்றாக்கச் சொல்வது இந்த இடைவெளியைத்தான் அடைக்கும். நான் அதை முழுமையாக ஆதரிக்கிறேன்.

கருப்பாயூரணி டீக்கடை

அண்ணே, கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். எங்களுக்குக் கேன் பால் வருகிறது. ஒருவர் சொந்த மாட்டுப் பால், இன்னொருவர் நாலைந்து ஊரில் வாங்கிச் சேர்த்துக் கொண்டுவருகிறார். பாலின் அடர்த்தியைக் காட்டும் டிகிரி கருவி (லாக்டோமீட்டர்) வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் டிகிரியை நம்பி மட்டும் வாங்க முடியாது. தண்ணீர் சேர்த்தால் டிகிரி இறங்கும், வெண்ணெய் எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தால் நடுவில் வந்து நிற்கும். சர்க்கரை போட்டும் ஏற்றுகிறார்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்று நடக்கும். நாலு மணிக்குக் கறந்த பால், கேன் கேனாகச் சேர்ந்து, வண்டியில் ஆடி, கடைக்கு வரும்போது எட்டு ஒன்பது மணி ஆகிவிடும். மதுரை வெயிலில் திரியாமல் இருக்கச் சிலர் சோடா உப்பைப் போடுகிறார்கள். டீ குடிக்கிறவருக்குத் தெரியாது. வாயில் வைத்தால் எனக்கு லேசாகச் சவர்க்காரச் சுவை தெரியும், திருப்பி அனுப்பிவிடுவேன். அதை இன்னொரு கடையில் ஊற்றுவார்கள். எங்கே புகார் சொல்வது, சொன்னால் அடுத்த நாள் எனக்கு யார் பால் ஊற்றுவார்?

சொந்த மாடு வைத்துப் பக்கத்தில் ஊற்றுகிறவரைவிட, யாருடைய மாடு என்றே தெரியாமல் சேர்த்து விற்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒத்தக்கடை வக்கீல்

டீக்கடை அண்ணனுக்கு: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரி கொடுத்துச் சோதிக்க வழி வைத்திருக்கிறது. வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரி கையில் கிடைத்து 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு தெருவே சேர்ந்து ஒரு மாதிரி கொடுத்தால் தனி ஆள் யார் மேலும் கோபம் வராது.

அபராதத்தைப் பற்றி இன்னொரு விஷயம். தரம் குறைந்த உணவுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று 51-வது பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 32-வது பிரிவில் மேம்பாட்டு அறிவிப்பு என்று ஒன்று உண்டு. என்ன குறை, எதைச் சரிசெய்ய வேண்டும், எத்தனை நாளில் என்று எழுதிக் கொடுத்து அவகாசம் தருவது. சிறு பால்காரருக்கு முதலில் போக வேண்டியது அந்தக் காகிதம்தான். கேட்காவிட்டால் பிறகு சான்றை நிறுத்தி வைக்கலாம்.

ஊசி போட்டுக் கறப்பதைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. கன்று செத்துப்போன மாட்டுக்குப் பால் இறங்குவதற்கு ஆக்சிடோசின் போடுகிறார்களே, அது பாலுக்குக் கெடுதலா இல்லையா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. மாட்டுக்கு அது கொடுமை. பால் சுரப்புக்காக மாட்டின் உடம்பைக் கெடுக்கும்படி எதையும் ஊசியாகப் போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12-வது பிரிவில் குற்றம்.

நகர்ப்புறத்தில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆக புதுச் சட்டம் எதுவும் கேட்க வேண்டாம். இருக்கிற உரிமத்தையும் இருக்கிற பதிவுச் சான்றையும் இருக்கிற காது வில்லையையும் ஒன்றாக இணைக்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

உசிலைக் கால்நடை

தினமும் ஊசி போட்டுக் கறந்தால் அந்த மாடு பிறகு ஊசி இல்லாமல் பாலை இறக்காது. சினை பிடிப்பதும் தாமதமாகும். கன்று இல்லாத மாட்டைத் தடவிக் கொடுத்து, கொஞ்சம் தீவனம் வைத்து, ஒரே ஆள் ஒரே நேரத்தில் கறந்து பழக்கினால் பெரும்பாலான மாடுகள் சுரந்துவிடும். பொறுமை வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பால் குடிப்பவரைவிட முதலில் ஆபத்து உங்களுக்குத்தான். ஆறேழு மாதச் சினையில் மாடு கன்று வீசினால், நஞ்சுக்கொடி விழாமல் தொங்கினால், வெறுங்கையால் இழுக்கிறீர்கள். கையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும். பிறகு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், இராத்திரி வேர்த்துக் கொட்டும், இடுப்பும் மூட்டும் வலிக்கும். டைபாய்டு, வாதம் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அலைகிறவர்களைப் பார்க்கிறேன். ‘வீட்டில் மாடு இருக்கிறது, கன்று வீசியது’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இரத்தத்தில் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், ஆறு வாரம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். வீசிய கன்றையும் கொடியையும் வாய்க்காலில் போடாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

குப்பையில் மேய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். சாப்பாட்டு இலையையும் மிச்சச் சோற்றையும் பையில் கட்டிப் போடுவது நாம்தான். மாட்டுக்குப் பையை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்கும். மிச்சச் சோறு தனியாகவே கெடுதல்தான். நிறையத் தின்றால் வயிறு புளித்து மாடு படுத்துவிடும்.

ஆரப்பாளையம் அம்மா

டாக்டர் சார், நீங்கள் சொன்ன மூன்று கேள்வியையும் எங்கள் பால்காரரிடம் கேட்டேன். புண்ணாக்கைப் பலகை மேல்தான் வைத்திருக்கிறார், நேரில் போய்ப் பார்த்தேன். கன்று ஊசி பற்றி அவருக்குத் தெரியவே இல்லை. ஊசி போட்ட நாள் பாலைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, ‘குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்தப் பாலை ஊற்ற மாட்டேன் மதினி’ என்றார். அப்படியென்றால் வேறு வீட்டுக்கு ஊற்றுகிறார் என்றுதானே அர்த்தம். கெட்ட மனிதர் இல்லை. அந்த நாலு நாள் நட்டத்தை அவர் ஒருவரே எப்படித் தாங்குவார் என்றும் நினைத்துப் பார்த்தேன். நாங்கள் நாலைந்து வீடு பேசி, மாட்டுக்கு மருந்து போட்டால் எங்களிடம் சொல்லிவிட வேண்டும், அந்த நாளுக்குப் பாதிப் பணம் கொடுக்கிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கறவைமாட்டு வீடு

அக்கா, நீங்கள் செய்ததை எங்கள் வாடிக்கை வீட்டார் யாரும் இதுவரை செய்ததில்லை. படித்ததும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் புரியும். ஆவின் சொசைட்டிக்கு ஊற்றினால் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாயாக இருந்தது, 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்து 38 ஆனது. அதுவும் கொழுப்பு, சத்து எல்லாம் சரியாக இருந்தால். ஊருக்குள் இடவாடகை, தண்ணீர் லாரி, விலைத் தீவனம் வைத்து அந்த விலைக்குக் கட்டாது. அதனால்தான் வீட்டுக்கு வீடு ஊற்றுகிறோம். வீட்டுக்காரர்கள் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார்கள். எங்களைப் பதிவேட்டில் ஏற்றினால் ஓடிப்போக மாட்டோம். ஆனால் பதிவேட்டில் ஏறிய பிறகு எங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும்.

முதலில் சாணி. எரு வாங்க முன்பு விவசாயிகள் வண்டியோடு வருவார்கள். இப்போது ஊருக்குள் வண்டி வர நேரக் கட்டுப்பாடு, ஆள் கூலி. மாநகராட்சிக் குப்பை வண்டி சாணியை எடுக்காது. வேறு வழி இல்லாமல்தான் பலர் கழுவி வாய்க்காலில் விடுகிறார்கள். வார்டுக்கு ஒரு சாணி வண்டி விட்டு, உரக்கிடங்குக்கோ எரிவாயுக் கலனுக்கோ கொண்டு போனால் அவனியாபுரத்து அண்ணனின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காசு கேட்டாலும் கொடுப்போம்.

அப்புறம் கொட்டம். சென்னையில் மாநகராட்சியே பொது மாட்டுக் கொட்டகை கட்டத் தொடங்கியிருக்கிறது. மதுரையிலும் கட்டினால் நாலு மாடு, ஆறு மாடு வைத்திருப்பவர்கள் கொண்டுபோய்க் கட்டுவோம், வாடகை கொடுப்போம். ஆனால் கறக்கிற நேரத்தில் நாங்கள் போய்வருகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

அவனியாபுரத்தான்

சாணி வண்டி வந்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை தம்பி. ஊரை விட்டு அனுப்ப வேண்டும் என்று எழுதியது எங்கள் தெரு இருக்கிற நிலைமையில் எழுதியது. வாய்க்காலில் விடுகிறவருக்கு மட்டும் கடுமையான அபராதம் வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன். வண்டி விட்ட பிறகும் விடுகிறவரைச் சொல்கிறேன்.

செல்லூர்வாசி

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறேன். மூன்று துறை சம்பந்தப்பட்டது என்பதால் ஆட்சியரிடம் கொடுப்பதுதான் சரி. எழுதியிருப்பது இது:

மதுரை மாநகராட்சியின் 100 வார்டிலும் கறவை மாடு வைத்துப் பால் விற்பவர்களுக்கு வார்டிலேயே முகாம் போட்டு, உணவுப் பாதுகாப்புப் பதிவும் காது வில்லையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். பதிவுச் சான்றில் வில்லை எண்கள் இருக்க வேண்டும். அதே முகாமில் மாடுகளுக்குக் கன்று வீச்சு, காசநோய் சோதனையும் மடிநோய்ச் சோதனையும் நடத்த வேண்டும். பல ஊர்ப் பாலைச் சேர்த்துக் கேனில் விற்பவர்களிடம் மாதம் ஒரு மாதிரியாவது எடுத்து முடிவை வெளியிட வேண்டும். தீவனக் கடைகளில் புண்ணாக்கு மாதிரியும் எடுக்க வேண்டும், இது மருத்துவர் சொன்னதிலிருந்து சேர்த்தது. சாணி வண்டி, பொதுக் கொட்டம். முதல் குறைக்கு மேம்பாட்டு அறிவிப்பு, சாணி வண்டி வந்த பிறகும் வாய்க்காலில் விட்டால் அபராதம்.

வக்கீல் சார் பிரிவு எண்களைச் சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது. பால்காரர்கள் பக்கத்திலிருந்தும் கையெழுத்து வேண்டும். நுகர்வோர் மட்டும் கொடுத்தால் இது இன்னொரு புகார் மனுவாகிவிடும்.

ஒத்தக்கடை வக்கீல்

அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். நோய் இருப்பதாகச் சோதனையில் தெரிந்த மாட்டுக்கு இழப்பீடு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனைக்கே யாரும் மாட்டைக் கொண்டுவர மாட்டார்கள்.

கறவைமாட்டு வீடு

வக்கீல் சார் சொன்ன வரி கட்டாயம் வேண்டும். எங்கள் பக்கத்தில் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு, திங்கள் காலை நானும் வருகிறேன் சார்.

டாக்டர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் இரண்டு கிடேரி இருக்கிறது. ஒன்றுக்கு ஐந்து மாதம், இன்னொன்றுக்குப் பத்து மாதம் ஆகிறது. இரண்டுக்கும் கன்று வீச்சு ஊசி போடலாமா?

உசிலைக் கால்நடை

ஐந்து மாதக் கிடேரிக்கு உடனே போடுங்கள். நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை, ஆயுள் முழுக்க அது போதும். தேசியத் திட்டத்தில் இலவசம், பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், வில்லை எண்ணோடு பதியச் சொல்லுங்கள். பத்து மாதக் கிடேரிக்கு வயது தாண்டிவிட்டது, போட வேண்டாம். போட்டால் பிறகு இரத்தச் சோதனையில் நோய் இருப்பது மாதிரியே காட்டிக் குழப்பும். அதைச் சினைக்கு விடுவதற்கு முன் இரத்தம் மட்டும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். உயிருள்ள கிருமியை வீரியம் குறைத்துச் செய்த ஊசி அது, அதனால் போடுகிறவர் கையுறை போட்டிருக்க வேண்டும். வீட்டில் யாரும் வாங்கிவந்து தானாகப் போட வேண்டாம்.